அவர் தொடாத மைல்ஸ்

மார்ச் 14, சனி

இவருக்கு என்னவோ ஆகிவிட்டது.

சாயங்காலம் தி. நகரில் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தோம். சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், பில் போடும் இடத்தில் இவர் முந்திக்கொண்டு கார்டை நீட்டுவார். "என் கார்டுல போட்டுடுங்க, அப்புறமா எனக்கு அனுப்பிடலாம்" என்பார். எல்லாம் கார்டில் செலவு செய்தால் இலவச டிக்கெட்டுக்குச் சேரும் விமான மைல்ஸுக்காகத்தான். சேர்ந்ததும் பிசினஸ் கிளாஸில் சுவிட்சர்லாந்து போகலாம் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்று அண்ணனே கேட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்.

"சுவிஸுக்கு டிக்கெட் போட்டாச்சு. அடுத்த மாசம். பிசினஸ் கிளாஸ்தான்."

"மைல்ஸ்லயாங்க?"

"மைல்ஸ்ல டிசம்பர்லதான் சீட்டு காட்டுது. முழுசா காசு கட்டிட்டேன்."

ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிற மனுஷர். டிசம்பர் வரைக்கும் பொறுக்கக் கூடாதா என்றேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

போன வாரம் அடையாறில் ஸ்கேன் எடுத்தார். என்னை வர வேண்டாம் என்றுவிட்டார். ரிப்போர்ட்டைக் கேட்கும்போதெல்லாம் "வரும், வரும்" என்கிறார்.

"அப்போ சேர்த்த மைல்ஸ் எல்லாம்?"

"அப்படியே இருக்கட்டும். பாஸ்வேர்டை உன் போன்ல ஏத்தி வச்சிருக்கேன். வெளிநாட்டுல நம்ம பையனைப் பார்க்கப் போகணும்னா உனக்கு உதவும்."

அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை, மூச்சிலேயே தெரிகிறது. இப்போது கேட்டால் சொல்லிவிடுவார். அதனால்தான் நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.