தண்ணிப் பக்கம் தனியா விடாதீங்க

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. வீட்டில் வேறு குறையில்லை. அண்ணியும் நீயும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விசாரிப்பு முடிந்தது. இனி சண்டை.

ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் என் குரல் கொஞ்சம் ஏறினாலே நீ, மாத்திரை போட்டியா என்கிறாய். காகிதத்தில் குரல் ஏறுவது உனக்குக் கேட்காது. கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால், இது வந்து சேருவதற்குள் நீ அந்தப் பொறுப்புக் கடிதத்தை மேலாளருக்கு அனுப்பிவிடுவாய்.

அனுப்பாதே. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியெல்லாம் ஏன் என்பதற்காக.

உனக்குத் தெரிந்தது பாதிதான். அதனால் ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

போன மாதம், அம்மாவிடம் போன் நம்பரை வாங்கி, எங்கள் நீச்சல் குளத்து மேலாளருக்குப் போன் செய்தாய். தங்கைக்கு மனச்சோர்வு, வைத்தியம் நடக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாய். என்னைக் கேட்காமல் சொன்னாய். அதைக்கூட விட்டுவிடலாம். போனை வைப்பதற்கு முன் இன்னொன்று சொன்னாய்: “தண்ணிப் பக்கம் அவளைத் தனியா விடாதீங்க சார்.”

நீச்சல் சொல்லித்தருகிறவளை.

மறுநாள் மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிற ஆள் இல்லை. கொஞ்ச நாள் டிக்கெட் கவுண்டரைப் பாரும்மா, நிழல்ல உக்காந்த வேலை என்றார். ஏன் சார் என்றேன். நீ போனில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்துவிட்டு, உங்க அண்ணன் ரொம்ப நல்ல மனுஷன்மா என்றார். அதுதான் பதில்.

அன்றிலிருந்து கவுண்டரில் இருக்கிறேன். கண்ணாடியில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியே ஈரக் கைகள் சில்லறையை நீட்டுகின்றன. முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் குளம். யாராவது குதித்தால் சத்தம் வரும். எப்படிக் குதித்தார்கள் என்று சத்தத்திலேயே தெரியும். வயிறு தட்டையாக விழுந்தால் எனக்கு இங்கே வலிக்கிறது.

என் காலை வகுப்பைத் தவளை எடுத்துக்கொண்டார். அவரைத் தெரியும் அல்லவா, எங்கள் மூத்த பயிற்சியாளர்; தரையில் நடக்கும்போதுகூட முழங்கைகள் விரிந்தே இருப்பதால் அந்தப் பெயர். நல்லவர். பள்ளிப் பிள்ளைகளைப் போட்டிக்குத் தயார் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் என் வகுப்பு போட்டிக்கு வந்த வகுப்பு இல்லை. வயது கடந்த பிறகு முதல் முறையாகத் தண்ணீரில் இறங்கும் பெண்கள். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். அவர்களிடம் கத்தக் கூடாது. பக்கத்தில் நின்று, முதுகுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, கை இருக்கிறது என்று அவர்கள் மறக்கிற வரைக்கும் வைத்திருக்க வேண்டும். அதுதான் என் வேலை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலை.

அதில் ஒருவரைக் கம்பி அக்கா என்போம். வங்கியில் வேலை. வந்த நாளிலிருந்து சுவரோரக் கம்பியை விட்டதில்லை. ஒரு கையை எடுத்து ஒரு விரலை மட்டும் வைத்திருக்கும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தேன். போன வாரம் சொட்டச் சொட்டக் கவுண்டருக்கு வந்து ஓட்டையில் குனிந்து சொன்னார்: அவரு போடற சத்தத்துல ரெண்டு கையும் பத்தலை, இன்னும் ரெண்டு கை வேணும் போலிருக்கு, நீ எப்பம்மா வருவே? வரிசையில் பின்னால் நின்றவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கம்பி அக்கா குரலை இறக்கி, உனக்கு ஏதோ உடம்புக்குன்னாங்களே என்றார். உடம்புக்கு என்றுதான் சொன்னார். மரியாதை தெரிந்தவர்.

மற்றவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. டாக்டரிடம் போனேன். என்னைப் பார்த்து, பேசி, இவர் பயிற்சி வேலைக்குத் தகுதியானவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதை மேலாளரின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். டாக்டர் ஆயிரம் எழுதுவாங்கம்மா, வீட்ல பெரியவங்க ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கிட்டு எழுதித் தரட்டும், நாளைக்கே தண்ணியில இறங்கு என்றார்.

எனக்கு முப்பது தாண்டிவிட்டது அண்ணா. குளத்தில் மூழ்கப்போன மனிதர்களை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறேன். அப்போது யாரும் என்னிடம் பொறுப்புக் கடிதம் கேட்கவில்லை.

அதே மேலாளர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மேசை இழுப்பறையில் அட்டை அட்டையாக வைத்திருக்கிறார். சமீபத்தில்தான் குளத்துப் படியிலேயே தலைசுற்றி உட்கார்ந்தார். தவளையும் நானும்தான் தூக்கினோம். அவருடைய அண்ணனிடம் யாரும் கடிதம் வாங்கவில்லை. இதை அவரிடமே கேட்டேன். அது பிரஷர்மா, அது வேற என்றார். வேறதான். அவர் மாத்திரை சாப்பிட்டால் பொறுப்பான மனிதர். நான் சாப்பிட்டால் கண்காணிக்க வேண்டிய மனுஷி.

பிறகு உன் வேகம். நான் சொல்லக்கூட இல்லை. அம்மா சொல்லி, அன்றைக்கே நீ எழுதி எனக்கு அனுப்பினாய். ‘என் தங்கையின் நடத்தைக்கும் பாதுகாப்புக்கும் நான் முழுப் பொறுப்பு ஏற்கிறேன்.’ கீழே, ஓகேவா? ஒரு கட்டைவிரல் படம்.

நடத்தை. அந்தச் சொல்லை எழுதும்போது உன் கை நிற்கவே இல்லையா?

அம்மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவளுக்கு என் மாத்திரை பிடிக்கவில்லை. மனசைத் திடமா வச்சுக்கிட்டா இதெல்லாம் எதுக்கு என்கிறாள். யாராவது வீட்டுக்கு வந்தால் மாத்திரைகளைப் பழைய கால்சியம் டப்பாவில் கொட்டிவிடுகிறாள். எலும்பு தேய்ந்தால் கௌரவக் குறைச்சல் இல்லை போலிருக்கிறது. ஆனால் எனக்குக் கோபம் வந்தால் மட்டும், உன்னைப் போலவே, முதல் கேள்வி மாத்திரையைப் பற்றித்தான். சாப்பிடவும் கூடாது, கோபப்படவும் கூடாது.

சலவை இயந்திரம் பழுதுபார்க்க ஒருவர் வந்தார். பணம் வாங்கிக்கொண்டு போனார். அடியில் ஒழுகிக்கொண்டே இருந்தது. திரும்ப வரவழைத்து, ஒழுங்காகச் செய்யாமல் எப்படிப் போனீர்கள் என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, காலையில மாத்திரை போட்டியாடி என்றாள். அந்த மனிதரின் முகம் மாறியது. அதுவரை என்னோடு மல்லுக்கட்டியவர் குரலைத் தாழ்த்தி, பரவாயில்லைம்மா, பாவம், விடுங்க என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இயந்திரம் இன்னும் ஒழுகுகிறது. அடியில் துணி போட்டு வைத்திருக்கிறோம்.

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. காரணத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லோரும் டப்பாவைப் பார்க்கிறார்கள்.

சோர்வு எப்படி இருந்தது என்று நீ கேட்டதில்லை. சொல்கிறேன். கோபமே வராது. அதுதான் நோய். குழாய் சொட்டிக்கொண்டிருக்கும், எழுந்து மூட வேண்டும் என்று தெரியும், எழ மாட்டேன். தலைவாருவது பெரிய வேலை. சீப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் சரி என்றேன். நீங்கள் எல்லோரும், இப்போது எவ்வளவு அமைதியாகிவிட்டாள் என்று மகிழ்ந்தீர்கள்.

மாத்திரை அற்புதம் ஒன்றும் செய்யவில்லை. முதலில் வாய் உலர்ந்தது. கொட்டாவி. அர்த்தமில்லாத கனவுகள். நிறுத்திவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். பொறுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள், சேர்ந்து முடிவு செய்வோம் என்றார். சேர்ந்து என்றார். எனக்கு அந்தச் சொல் பிடித்தது. பிறகு ஒரு காலை, வழக்கம்போல் குளத்தில் இறங்கினேன். ஐயோ என்று கத்திவிட்டேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. அத்தனை மாதமும் அதே தண்ணீரில்தான் இறங்கிக்கொண்டிருந்தேன், ஒன்றுமே உறைக்கவில்லை. என் பெண்கள் எல்லாம் கைகொட்டிச் சிரித்தார்கள். வாத்தியாருக்கே குளிருதாம்டி. நான் கழுத்தளவு தண்ணீரில் நின்று அழுதேன். முகம் ஏற்கெனவே ஈரம்; யாருக்கும் தெரியவில்லை.

அந்தத் தண்ணீரிலிருந்துதான் என்னை வெளியே எடுத்தாய்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இல்லை. தண்ணிப் பக்கம் தனியா விடாதீங்க. அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. அதை என்னிடம் கேட்டிருக்க வேண்டும். உனக்கு வாய் வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு மேலாளரிடம் அதைச் சொல்ல முடிந்தது, என்னிடம் முடியவில்லை.

நீ கேட்காவிட்டாலும் பதில் எழுதுகிறேன். ஆமாம், செத்துப்போகலாம் என்று தோன்றியிருக்கிறது. அந்தச் சோர்வின் நடுவில். அதை டாக்டரிடம் அப்போதே சொன்னேன். அவர் பதறவில்லை, உட்கார்ந்து நேராகக் கேட்டார், நேராகச் சொன்னேன். இப்போது தோன்றுவதில்லை. மறுபடி தோன்றினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் உன்னையும் சேர்க்க ஆசைதான். ஆனால் சொன்னவுடன் நீ யாருக்குப் போன் செய்வாய் என்ற பயம் இருந்தால் எப்படிச் சொல்வேன்?

இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அம்மா யாருக்கு எழுதுறே என்றாள். உனக்கு என்றேன். திட்டாதே, அவன் பாவம் என்றாள். இந்த வீட்டில் எல்லோரும் பாவம்.

இனி செய்ய வேண்டியது. வருகிற திங்கட்கிழமை குளத்தின் நிர்வாகக் குழு கூடுகிறது. டாக்டரின் சான்றோடு நான் போகிறேன். தவளையும் வருகிறேன் என்றார். எதுக்கும் நான் பேசறேன், ஆனா நீ அழுதுடாதே, அப்புறம் நானும் அழுதுடுவேன், மானம் போயிடும் என்றார். என் வகுப்புப் பெண்கள் சிலர் வெளியே நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. அவர்களாகச் சொன்னார்கள்.

உன் கடிதம் இருந்தால் நாளைக்கே வேலை கிடைக்கும். இல்லாவிட்டால் கிடைக்காமலும் போகலாம். நன்றாக யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். உன் பொறுப்பில் இறங்கினால், என்றைக்காவது நான் மேலாளரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசும்போது அவர் உனக்குத்தான் போன் செய்வார். வாழ்நாள் முழுக்க. என் சொல்லில் இறங்க முடியாத குளம் எனக்கு வேண்டாம். இங்கே இல்லையென்றால் வேறு குளம் தேடுவேன்.

ஆகவே அனுப்பாதே. ஏற்கெனவே அனுப்பியிருந்தால், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வரி அவருக்கு எழுது. இது கெஞ்சல்தான். உன்னிடம் கெஞ்சுவதில் எனக்கு வெட்கமில்லை.

இரவில் நீ தூங்குவதில்லை என்று அண்ணி சொன்னாள். போன் மணி அடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாயாம். எந்தச் செய்திக்குப் பயந்து என்று நான் அண்ணியிடம் கேட்கவில்லை.

கோபமாக இருக்கிறேன் அண்ணா. இது நிஜமான கோபம், உடம்பு தேறியவர்களுக்கு வருவது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். இருக்கட்டும்.

நீ தூங்கு. நான் இருப்பேன்.

உன் தங்கை