ஆறு நிமிட வெளிச்சம்

அக்டோபர் 16, 2001. செவ்வாய்

இன்று 5:25. நேற்று 5:26. முந்தாநாள் 5:28.

நீர்த்தேக்கத்தின் எதிர்க்கரையில், பம்ப் ஹவுஸை ஒட்டி ஒரு மேப்பிள் மரம் நிற்கிறது. மேற்கே குன்றில் ஒரு பிளவு. சூரியன் அந்தப் பிளவுக்குள் வந்ததும் ஆறே நிமிடம் அந்த ஒரு மரம் மட்டும் பற்றிக்கொள்கிறது. சுற்றிலும் எல்லாம் நிழல்.

என்ன நிறம் அது? ஆரஞ்சு என்றால் பொய். சிவப்பு என்றாலும் பொய். காய்ந்த மிளகாயைக் கிள்ளினால் உள்ளே தெரியுமே, கிட்டத்தட்ட அது. வரைந்த மூன்று படங்கள் வீணாகிவிட்டன. அதனால் இப்போது தினம் ஒரே ஒரு நிறத்தை மட்டும் அங்கே நின்று கலக்கிக்கொண்டு வருகிறேன். நேரம், வெயில் வரும் திசைக்கு அம்பு, நிழல் விழும் இடம் எல்லாம் நோட்டில். இலை உதிர இன்னும் இரண்டு வாரம்தான்.

அக்டோபர் 18

போலீஸ் வந்தது.

நாயோடு நடந்த ஒரு பெண்மணி என்னையும் என் முக்காட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். கால் மணி நேரத்தில் கார். நரைத்த மீசைக்காரர் ஒருவர் இறங்கினார். மரியாதையாகத்தான் பேசினார். நோட்டைப் புரட்டினார். நீர்த்தேக்கத்தின் வரைபடம். பம்ப் ஹவுஸ் ஒரு கட்டம். அதை நோக்கி அம்புகள். பக்கம் பக்கமாக நேரங்கள். எல்லாம் அவருக்குத் தெரியாத எழுத்தில்! அந்தக் கணத்தில் என் கண்ணுக்கே அது வேறு மாதிரி தெரிந்தது.

எதற்கு இந்த நேரங்கள் என்று கேட்டார். 'லைட்' என்றேன். மூன்று முறை சொன்னேன். கணவர் கமாலின் ஆபீஸ் பெயரையும் எங்கள் போன் நம்பரையும் எழுதிக்கொண்டு நோட்டைத் திருப்பித் தந்தார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைக் கேட்ட கமால் ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றார். "ஷஹீமா, அது ஊரே குடிக்கிற தண்ணி. போன மாசம்தான் நியூயார்க்ல அத்தனை பேர் செத்திருக்காங்க. நீ போய் ரிசர்வாயரை மேப் போட்டுட்டு நிக்கிறே."

"மரத்தை வரைஞ்சேங்க."

"நாம H-1 விசாவுல இருக்கோம். ஆபீஸுக்கு ஒரு கால் வந்தா போதும். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்."

அக்டோபர் 20

நோட்டைக் காணவில்லை. கமால்தான் கிழித்து, பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷன் பின்னால் இருக்கும் குப்பைத் தொட்டியில் போட்டாராம். "உனக்காகத்தான்" என்கிறார். எனக்காகவா?

அக்டோபர் 25

மீசைக்காரர் போன் செய்தார். அந்த நோட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம்.

பொய் சொல்ல வரவில்லை. கணவர் பயந்து எறிந்துவிட்டார் என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ — நோட்டில் இருந்தது எல்லாம் அங்கேயே இருக்கிறது, செவ்வாய்க்கிழமை 5:04க்கு வந்து பாருங்கள் என்றேன். வருகிறேன் என்றார்.

கமால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "போலீஸுக்கு யாராவது அப்பாயின்ட்மென்ட் குடுப்பாங்களா?"

அக்டோபர் 28

இந்த ஊரில் இன்றைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டுமாம். நாங்கள் வந்ததே ஜூனில்; எங்களுக்கு இது புதுசு. கமால் அடுப்புக் கடிகாரம் முதல் கார் வரை எல்லாவற்றையும் திருப்பினார். கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கலாமாம். யார் தூங்கினது?

அக்டோபர் 30

எழுதவே கை வரவில்லை.

4:45க்குக் காரை நிறுத்தும்போதே தெரிந்துவிட்டது. குன்றின் பிளவில் ஒன்றுமில்லை. மேப்பிள் கறுத்துக் கிடந்தது. எல்லாக் கடிகாரத்தையும் திருப்பினோம், நான் சொன்ன 5:04ஐ மட்டும் 4:04 என்று திருப்பவில்லை. நான் என்ன முட்டாள்!

இரண்டு பேர் வந்தார்கள். 5:04க்கு இருட்டிவிட்டது. இளையவர் பம்ப் ஹவுஸ் கதவில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

பாஸ்போர்ட் ஃபைலை அணைத்தபடி நின்ற கமால் முன்னால் போனார். நோட்டைக் கிழித்தது நான்தான், அவள்மேல் தப்பில்லை என்றார். "க்ளாக் மாறிடுச்சு, சார். டுமாரோ, ஃபோர் ஓ த்ரீ. ப்ளீஸ்." ஒரு நாளைக்கு ஒன்றரை நிமிடம் குறையும் என்று நான் எப்போதோ சொன்னதை இந்த மனுஷன் காதில் வாங்கியிருக்கிறார்.

மீசைக்காரர் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு காருக்குப் போனார்.

அக்டோபர் 31

மீசைக்காரர் மட்டும் வந்தார். 3:55க்கு ஒரு மேகம் குன்றின்மேல் வந்து உட்கார்ந்தது. கமால் முணுமுணுவென்று ஓதிக்கொண்டே இருந்தார்.

4:03. வந்தது.

மீசைக்காரர் வாட்சைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு வாட்சைப் பார்க்கவில்லை. 4:09க்கு அணைந்ததும், இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். இனி நோட்டில் பெயரையும் நம்பரையும் இங்கிலீஷில் எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். காரில் ஏறியதும் அழுதுவிட்டேன்.

நவம்பர் 11

இலை எல்லாம் கொட்டிவிட்டது. படம் முடிந்தது. அந்த நிறம் கிடைத்துவிட்டது, நிஜமாகவே.

கமால் புது நோட்டு வாங்கி வந்து முதல் பக்கத்தில் அவரே பெரிய இங்கிலீஷ் எழுத்தில் என் பெயர், போன் நம்பர், கீழே 'இவர் மரங்களை வரைபவர்' என்று எழுதித் தந்தார். சுவரில் சாய்த்திருந்த படத்தை வெகு நேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. மரத்துக்குப் பக்கத்துல ஒரு கட்டடம் இருந்துச்சே?"

"இருந்துச்சு" என்றேன். அந்த இடத்தில் ஒரு புதர் வரைந்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.