அப்பா பெயர் கேட்கும் பெட்டி

ஜூன் 9, சனி

கண்டியில் காலையிலிருந்து தூறல். வகுப்பு நடக்கும் மண்டபத்தின் கூரை மூன்றாவது கொம்பியூட்டருக்கு மேலே ஒழுகுகிறது. வாளி வைத்தேன். மவுஸ் உருண்டைகளைக் கழற்றித் துடைத்தேன். நகத்தில் இன்னும் கறுப்பு.

ஏழாம், எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள். ஒரு கொம்பியூட்டருக்கு இரண்டு பேர். கொம்பியூட்டர் சேர் திடீரென்று, "இண்டைக்கு நீர் படிப்பியும், பிள்ளை" என்றார். அவர் யாழ்ப்பாணத்தார், கச்சேரியில் அரசாங்க வேலை, சனியும் புதனும் பின்னேரம் இங்கே. நான் பத்தாம் ஆண்டோடு நின்றவள். வாளி வைப்பதும் திரை துடைப்பதும் என் வேலை.

பாடம்: இணையத்தில் தெரியாதவர்களிடம் எதைச் சொல்லக் கூடாது. பலகையில் தலைப்பை எழுதிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் பிள்ளைகளே:

"பேரு சொல்லக் கூடாது."

"ஊரு சொல்லக் கூடாது."

"அம்மாவ அம்மான்னு கூப்பிடக் கூடாது!"

"லூசு, அது பேராதனை பஸ்ஸுல, தமிழுன்னு தெரியக் கூடாதுன்னு. இது இன்டர்நெட்டு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

ஒரே சிரிப்பு. நான் சொல்லிக்கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை.

பிறகு எல்லோருக்கும் ஈமெயில் திறந்தோம். பாஸ்வேர்டை மறந்தால் கேட்க ஒரு கேள்வி தெரிவு செய்யச் சொல்கிறது. சரியான பதில் சொன்னால் ஈமெயில் பெட்டி திறக்கும், புது பாஸ்வேர்டும் போடலாம். 'பிறந்த ஊர்' என்பதை ஒருவரும் தொடவில்லை. ஒருத்தி கிளிநொச்சியில் பிறந்தவள், அந்த ஊர்ப் பெயரே சந்தேகம்; கையை மடியில் வைத்துக்கொண்டாள். "அப்பா பேரு போடுங்க எல்லாரும்" என்றேன். இன்று நான் சத்தமாகச் சொன்னது அது ஒன்றுதான்.

ஜூன் 13, புதன்

வெயில். நான் தங்கியிருக்கும் சித்தி வீட்டில் மூன்று நேரமும் பருப்பு.

பயிற்சி: உறவினருக்கு ஈமெயிலில் கடிதம். கிருஷா ஹேவாஹெட்டையில் இருக்கும் அத்தையை வீட்டுக்கு அழைத்து எழுதினாள். மணிக்கூட்டுக் கோபுரத்தில் எந்த பஸ், எங்கே இறங்குவது, பலாமரம் தாண்டி நீலக் கதவு. அத்தைக்கு ஈமெயில் ஏது? சேரின் விலாசத்துக்கு அனுப்பினாள். சேர் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினார். நானும் பக்கத்தில் நின்று, நல்லா இருக்கு என்றேன்.

கிருஷா எட்டாம் ஆண்டு. அப்பா கொழும்பில் ஹோட்டல் சமையல். தங்கியிருந்த விடுதியிலிருந்து யாரோ வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சித்திரை வருஷத்துக்கு முன்னால். பொலிஸில் கேட்டால் எங்களிடம் இல்லை என்கிறார்கள். அம்மா தையல் கடையில்.

எல்லோரும் போன பிறகு கிருஷா கேட்டாள். "அக்கா, காணாமப் போனவங்க பேரப் போடுற பக்கம் இன்டர்நெட்டுல ஒண்ணு இருக்காமே?"

ஜூன் 16, சனி

அந்தப் பக்கத்தைப் பற்றிச் சேரிடம் நான்தான் கேட்டேன். சேர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"வீட்டு விலாசம் போடாதையும். போன் நம்பரும் வேண்டாம். பிள்ளையின்ர ஈமெயில் மட்டும் போட்டால் காணும்."

அப்படியே செய்தோம். அப்பாவின் பெயர், படம், தொழில், கிருஷாவின் ஈமெயில். படத்தில் அவர் வேட்டியோடு, கையில் அகப்பை. "சிரிக்கிற படம் போடலாமாக்கா?" என்றாள். வேறு படம் இல்லை.

படிப்பித்த விதி ஒன்றையும் மீறவில்லை. எழுதும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது.

ஜூன் 20, புதன்

கண்டி முழுக்கச் செக்கிங். ஐடென்டி கார்டைக் காட்டிக் காட்டி வந்து சேர நேரமாகிவிட்டது.

கிருஷாவின் பெட்டியில் ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்ப அமுக்கினாள். "ராவைக்கு வருமோ என்னவோ" என்றாள். வராது என்று எனக்குத் தோன்றியது.

ஜூன் 23, சனி

கிருஷாவின் பெட்டி திறக்கவில்லை. பாஸ்வேர்ட் பிழை என்கிறது.

"மாத்துனியா?"

"இல்லக்கா. சத்தியமா."

பக்கத்துப் பையன்: "மறந்துட்டு சத்தியம் பண்ணுறா."

அவள் அவன் தலையில் குட்டினாள். பிறகு அழுதாள். அப்பா பெயரைக் கொடுத்துப் பார்த்தோம். அதுவும் பிழையாம். கேள்விக்குரிய பதிலையும் யாரோ மாற்றியிருக்கிறார்கள். "சேர்வர் பிழையா இருக்கும்" என்றார் சேர். அவர் குரலில் நம்பிக்கை இல்லை.

சித்தி வீட்டில் இன்று கத்தரிக்காய். வாய்க்கு உறைக்கவில்லை.

ஜூன் 27, புதன்

கிருஷா வரவில்லை. அவள் அம்மா வந்தார், மண்டபத்துக்குள் வராமல் வாசலில் நின்றே சொன்னார்.

"ரெண்டு பேரு மோட்டார் சைக்கிள்ல வந்தாங்க. தமிழ்ல பேசினாங்க. யாருகிட்டயும் வழி கேக்கல தங்கச்சி. நேரா பலாமரம் தாண்டி வந்து, 'நீலக் கதவு இதுதானே'ன்னாங்க. இனி அவரத் தேடிக்கிட்டுத் திரிஞ்சா புள்ளையும் இருக்காதாம்."

நீலக் கதவு.

அப்போதுதான் விளங்கியது. பெட்டியைத் திறக்கும் பதில் அப்பாவின் பெயர். அதை உலகமே பார்க்கிற பக்கத்தில் ஈமெயிலோடு சேர்த்துப் போட்டது நாங்கள். உள்ளே அத்தைக்கு எழுதிய கடிதம் அப்படியே கிடந்தது, பஸ் முதல் கதவு வரை. அப்பா பெயர் போடச் சொன்னது நான்.

கிருஷாவின் அம்மாவிடம் சொன்னேனா? இல்லை. தண்ணி குடிக்கிறீங்களா என்று மட்டும் கேட்டேன். "நீங்க நல்லாச் சொல்லிக் குடுத்தீங்கன்னு அவ சொல்லுவா" என்றுவிட்டு இறங்கிப் போனார்.

சேரிடம் சொன்னேன். கதிரையில் உட்கார்ந்தார். "ஓம், அதுதான்" என்றார். எழுந்து போய்த் தன்னிடம் இருந்த கடிதத்தை அழித்தார். இனி எதற்கு.

ஜூன் 30, சனி

மழை. வாளி.

நீலக் கதவில் பூட்டு. ஹேவாஹெட்டைக்கும் போகவில்லையாம். எங்கே என்று யாருக்கும் தெரியாது. அப்பாவின் படம் அந்த இன்டர்நெட் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. எடுக்க வேண்டுமென்றால் அவள் ஈமெயிலிலிருந்து எழுதிக் கேட்க வேண்டுமாம். அவரைப் பற்றி உண்மையாக யாராவது எழுதினாலும் அந்தப் பெட்டிக்குத்தான் வரும். படிக்கப்போவது அவர்கள்.

மற்றப் பிள்ளைகளின் கேள்விகளை மாற்றும் வேலை. ஏன் என்று சேரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கிளிநொச்சிப் பிள்ளை கேட்டாள்:

"அப்பா பேரு வேணாம்னா என்ன போட, அக்கா?"

"பொய்யா ஏதாவது போடு."

"பொய்யின்னா எனக்கே மறந்துருமே."

"மறந்தா மறக்கட்டும்."

அவள் ஓர் எழுத்தை அமுக்கினாள். கரண்ட் போய்விட்டது.