இவருக்குத் தெரிந்திருக்காது

1997 ஜூலை 8, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. இவர் சட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டு லாரி சாவியைத் தேடுகிறார். வேலையை விட்டதே நினைவில்லை. பூசாரி மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிற்றையும் அவிழ்த்துப் போட்டாச்சு. செய்வினைதான். கொழுந்தன் முத்துவும் அதைத்தான் சொல்கிறான்: "யாரோ வச்சிட்டாங்க அண்ணி." காஜா பெராங் சாலைக் கடையில் எலுமிச்சை வாங்கணும்.

10, வியாழன்
ஆஸ்பத்திரி. இது எந்த வருஷம் என்று டாக்டரம்மா கேட்டார். "ஐம்பத்தேழு! மெர்டேக்கா!" இவர் கையைத் தூக்கிக் கத்துகிறார். மலாயா சுதந்திரத்தன்று அப்பா தோளில் உட்கார்ந்து கத்திய பிள்ளையாம். காலையில் தின்ற ரொட்டி சானாய் மட்டும் ஞாபகமில்லை.
பிறகு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு மலாயில் சொன்னார், என் ரத்தத்தையும் பார்க்கணுமாம். எதற்கு? "உங்க கொழுந்தன் சொல்லலையா? போன மாசமே சொன்னோமே."
எச்.ஐ.வி.

11, வெள்ளி
டாக்டரம்மா சொன்னதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். கிருமி மூளைக்குள் போய்விட்டது. நரம்பை அதுவே தின்பதில்லையாம். கிருமி புகுந்த காவல் அணுக்கள் விஷ ரசாயனங்களைக் கக்குகின்றன. அதை அடக்கும் சத்து உடம்பில் போதவில்லை. இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி நரம்பு கெடுகிறது. அதனால்தான் இந்த மறதி.
நான் எலுமிச்சை சுற்றிக்கொண்டிருந்தேன்!
சாயங்காலம் முத்து வந்தான். "குடும்ப மானம் அண்ணி..."
"என் உசிரு உனக்குப் பெருசில்லையாடா? எல்லாம் தெரிஞ்சும் கோயிலுக்கு நீதானடா காடி ஓட்டிட்டு வந்த!"
பாவி. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.
இவர் தாய்லாந்து ஹட்யாய்க்கு லோடு ஏற்றிப் போன இடத்தில் எவளோ. ஆனால் நோய் இருப்பது இவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் என்னைத் தொட்டிருக்க மாட்டார்.

15, செவ்வாய்
எனக்கும் இருக்கிறது.
சின்னவன் இந்த வருஷம்தான் இடைநிலைப் பள்ளி. காலில் போடும் வெள்ளைச் சப்பாத்து கிழிந்துவிட்டதாம். வாங்கணும்.

16, புதன்
நல்ல வெயில். கஞ்சி ஊட்டினேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன், ஆஸ்பத்திரி நர்ஸ் மிசி என்று நினைத்துவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, "மிசி, என் பொஞ்சாதிகிட்ட சொல்லிடாதீங்க. இந்த நோவு அவளுக்குத் தெரியாது."
"உங்களுக்கு எப்பத் தெரியும்?"
"சின்னவன ஒண்ணாம் ஆண்டுல போட்டமே, அப்பவே."
ஆறு வருஷமும் ஒரே மெத்தை. அட துரோகி.
கஞ்சி ஆறிப்போச்சு. மிச்சத்தையும் ஊட்டினேன்.
"சொல்ல மாட்டீங்கல்ல மிசி?"
"நீங்களே சொல்லிட்டீங்க."