எல்லாத் தலையணையும் ஒரே வீட்டுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் வலது மணிக்கட்டைத் தவிர இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். கை சுளுக்கிக் கிடப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தம்பிதான் எழுதுகிறான். நடுவில் எதையாவது சொருகியிருந்தால் அது அவன் வாய்க்கொழுப்பு, நான் பொறுப்பில்லை. (அக்கா, சம்பளமில்லாத உத்தியோகம், அதனால் கொழுப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது.)

போன ஞாயிறு நீ போனில் பெருமையாகச் சொன்னாயே, வாடிக்கையாளர் புகார் கேட்கிற அந்த அறையில் உன் கீழே இருக்கும் பெண்களிடம் அடுத்த மாதத்திலிருந்து வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவேன், நெட்டும் கிடையாது, அப்போதுதான் ஒழுங்காக வேலை நடக்கும் என்று. நான் உம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். பேசியிருந்தால் கத்தியிருப்பேன். எங்கள் தலையணைத் தொழிற்சாலையிலும் அதே ஞானோதயம்தான் வந்தது, அதனால் எனக்கு வந்த தலைவலியைக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய். எங்கள் சூப்பர்வைசர் வாசலில் ஒரு தகரப் பெட்டியை வைத்து, ஷிப்டுக்குள் நுழையும்போதே எல்லோர் போனையும் அதில் போடச் சொல்லிப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். (பெயர்: பூட்டு சார். உபயம்: நான்.) அதோடு விட்டாரா, எவளாவது இன்னொரு போனை ஒளித்து வைத்திருப்பாள் என்று யாரிடமும் சொல்லாமல் வைஃபை டப்பாவின் வயரையும் பிடுங்கிவிட்டார். விலாசம் அச்சடிக்கிற மெஷினுக்கும் அந்த வைஃபைதான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. புது விலாசம் வராததால் அது கடைசியாக வந்த விலாசத்தையே திரும்பத் திரும்பத் துப்பிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் ஆர்டரை என் போனிலேயே பார்த்துவிடுவேன், இப்போது போன் பெட்டிக்குள். என்ன சார் எல்லாத்துலயும் ஒரே பேரா வருதே என்று போய்க் கேட்டேன். "பெரிய ஆர்டர்மா, ஏதாவது ஹாஸ்டலா இருக்கும், பேசாம ஒட்டுங்க" என்றார். ஒட்டினோம். முதுகுவலிக்கு ஒரே ஒரு தலையணை கேட்ட பெரியவர் வீட்டு வாசலில் லாரி நிறையத் தலையணை போய் இறங்கிவிட்டது. அவர் எங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டு, "ஐயா, நான் படுக்கத்தான் கேட்டேன், புதையக் கேக்கல" என்றாராம். ஊரே சிரித்தது, எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. திரும்பி வந்த மூட்டைகளை இறக்கியதில் மணிக்கட்டும் போனது.

அதற்குப் பிறகுதான் கூத்து. கவனக்குறைவு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார் பூட்டு சார். நான் வந்து கேட்கவே இல்லையாம், அவர் பதில் சொல்லவே இல்லையாம். கையெழுத்துப் போட்டால் என் கையில் இருக்கிற பேக்கிங் லைன் பொறுப்பு போய்விடும், மறுபடியும் பஞ்சு அடைக்கிற கூடம்தான். என் மூச்சிளைப்புக்கு அந்தத் தூசியில் நான் ஒரு மழைக்காலம்கூடத் தாங்க மாட்டேன் என்று உனக்கே தெரியும். அவர் பேசியதைக் காதால் கேட்ட ஒரே ஆள் என் பக்கத்து மேஜைக்காரிதான். பெட்டி வருவதற்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்து டிவி நாடகம் பார்த்துக்கொண்டே உறை மாட்டுவாளே, அவளேதான். அதற்காகத் தினமும் அவளைக் கரித்துக்கொட்டியவள் நான், எந்த மூஞ்சியோடு போய்க் கேட்பது? வேறு வழியில்லாமல் அவள் வீட்டுப் படியேறினேன். கதவைத் திறந்தவள், "வாங்கக்கா, நாடகத்துல மாமியார் மருமக வீட்டுக்கு வர்ற கட்டம் மாதிரியே இருக்கு" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "வந்து சொல்றேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். நான் நாடகம் பார்த்தேன், சரி. என் கை நின்னு பார்த்திருக்கீங்களா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். திட்டுகிற மும்முரத்தில் அவள் கையை நான் பார்த்ததே இல்லை. எங்கள் வரிசையில் அதிகம் உறை மாட்டுகிறவளே அவள்தான்.

முதலாளி முன்னால் அவள் மறைக்காமல் சொன்னாள், தான் நாடகம் பார்ப்பதையும் சேர்த்தே சொன்னாள். சார் சாவியைத் தடவிக்கொண்டு நின்றார். பஞ்சு அடைக்கிற தொழிற்சாலையில் நடந்த பஞ்சாயத்து எனக்குச் சாதகமாக முடிந்தது என்று நீ சந்தோஷப்படாதே. முதலாளி என்னைப் பார்த்து, "தப்பு உங்க மேல இல்லம்மா, லைன் பொறுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும், இனி நீங்க மட்டும் போன் வெச்சுக்கலாம், மத்தவங்களுக்குப் பெட்டிதான்" என்றார். எனக்காக வாயைத் திறந்தவள் மறுநாள் வாசலில் தன் போனைப் பெட்டிக்குள் போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் மட்டும் மகாராணி மாதிரி போனும் கையுமாக எப்படி உள்ளே போவது? என்னுடையதையும் போட்டேன். "உங்களுக்குத்தான் அனுமதி இருக்கே, எடுத்துக்குங்க" என்றார் சார். எல்லாருக்கும் குடுக்கிறப்ப குடுங்க என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். (சினிமா மாதிரி இருந்திருக்கும், ஆனால் அம்மா வீட்டுக்கு வந்து பாத்திரங்களிடம்தான் ஆத்திரத்தைக் காட்டினார். ஒரு டம்ளர் நசுங்கியது.) ஆமாம், ஆத்திரம்தான். வீடியோவில் மூழ்கி வேலையைக் கோட்டை விடுகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கத் துப்பில்லாமல் எல்லோரையும் சேர்த்துப் பூட்டுவது நிர்வாகமா? உன்னை இதற்கா படிக்க வைத்தேன்? பெட்டி வாங்குவதற்கு முன்னால் ஒரு நாளாவது உன் பெண்களின் பக்கத்தில் நின்று அவர்கள் கையைப் பார், அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்.

தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு ஏசியில் உட்காராதே. மாப்பிள்ளையை ராத்திரி சீக்கிரம் வரச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே: என் ஷிப்ட் நேரத்தில் கூப்பிட்டால் நான் எடுக்க மாட்டேன், நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் ஷிப்ட் முடிந்துதான் எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறதா? உன் அறையில் இருக்கிற பெண்களுக்கும் வீட்டில் அம்மா இருக்கிறாள்.

உன் மேல் கோபமும் அதைவிட அதிகப் பிரியமும் கொண்ட,
அம்மா

(கைப்பட எழுதியது தம்பி. கடைசி வரியைச் சொல்லும்போது அம்மா அழுதார். அழுததை எழுத வேண்டாம் என்றார், எழுதிவிட்டேன்.)