கார்டில் இல்லாத பயணம்

ராசா, என் அருமைத் தம்பியே,

உங்கள் ஆட்கள் சொல்கிற தோத்திரம் என் வாயில் சரியாக வராது. எனக்குத் தெரிந்த சலாமையே எடுத்துக்கொள். எங்கே இருந்தாலும் நல்லா இருப்பாய். அங்கே ஊசியும் மெஷினும் கிடையாது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

கடைச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஏ.சி. ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரம் வெயில் இருக்கும்வரை படுக்காது. உன்னோடு வேலை பார்த்த டெக்னீஷியன்கள் இன்னும் வருகிறார்கள். ஆனால் ஒருத்தனுக்கும் பேரம் பேசத் தெரியவில்லை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். லாபம்தான், ருசி இல்லை. நீ ஒரு கெப்பாசிட்டருக்கு டீ ஆறும்வரை சண்டை போடுவாய். கடைசியில் நான் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு, "காக்கா, நீங்க தோத்துட்டிய" என்று சிரித்துவிட்டுப் போவாய். எப்படித் தோற்றேன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

நீ ஊருக்குப் போய், மகள் கல்யாணத்தைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, அதே வாரம் கண்ணை மூடிவிட்டாய். அதன் பிறகு டயாலிசிஸ் யூனிட் இருக்கிற அந்தத் தெருப்பக்கம் நான் வண்டியைத் திருப்பவே இல்லை. போன மாதம் ஜெசி போன் போட்டாள். உனக்கு வலிக்காமல் ஊசி போடுவாளே, அதே நர்ஸ் ஜெசி.

"காக்கா, இங்க முருகேசன்னு ஒருத்தர் வாராரு. ராமநாதபுரம். உங்க ஏரியாவுலதான் வெல்டர். ரெண்டு தடவ வரல்ல. இப்படியே போனா இந்தச் சேரை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. கேட்டா ஊருக்குப் போறேங்காரு."

"இன்ஷூரன்ஸ் கார்டு இருக்குல்ல?"

"கார்டு இருக்கு. மெஷின், மருந்து எல்லாத்தையும் கார்டு பாத்துக்கும். வந்து சேர்றதுதான் அவர் பாடு."

வந்து சேர்வதுதான் அவர் பாடு. ராசா, அந்த வார்த்தையைக் கேட்டதும் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

உன் விசா துபாய். யூனிட்டும் துபாய். வாடகை குறைவென்று ரூம் மட்டும் ஷார்ஜா. நடுவில் அந்த டிராபிக். போகும்போது பஸ் மாறி மாறிப் போய்விடுவாய். வரும்போதுதான் கஷ்டம். ரத்தத்தைச் சுத்தம் பண்ணி விட்டபிறகு கால் இழுத்துப் பிடிக்கும், தலை சுற்றும். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் தரையில் உட்கார்ந்திருந்தாய். நான் தற்செயலாக அந்த வழியே வந்தேன். அடுத்த தடவையிலிருந்து, "எனக்கு அன்னைக்கு துபாய்ல டெலிவரி இருக்கு, ஏறிக்க" என்றேன். நீயும் நம்பினாய். நம்பின மாதிரி இருந்தாய்.

எத்தனை பயணம் ராசா அது! மற்றவர்கள் துபாயைக் கீழே இருந்து அண்ணாந்து பார்ப்பார்கள். நீ மொட்டை மாடியிலிருந்து பார்த்தவன். "இந்த டவர்ல சில்லர் நம்ம கைதான்", "அந்த ஹோட்டல்ல டக்டுக்குள்ள புறா குடும்பமே நடத்திச்சு காக்கா" என்று கட்டடத்துக்குக் கட்டடம் கதை வைத்திருப்பாய். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டே பேசுவாய். நான் கரக் டீ வாங்கினால், "மூடியத் திறந்து இந்தப் பக்கம் வைங்க, வாசனைக்குக் கணக்கு கிடையாது" என்பாய். என் வேனில் ஏ.சி. லேசாக முனகினால் போதும், காதைச் சாய்த்துவிடுவாய். அந்த வேனை இப்போது விற்றுவிட்டேன். புதுசு சத்தமே போடுவதில்லை. என்ன செய்ய?

அந்த இன்ஸ்பெக்டர் பிடித்த நாளை நினைத்துப் பார்க்கிறாயா? உனக்கு உட்கார முடியவில்லை என்று பின் சீட்டில் சாய்ந்திருந்தாய். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் கள்ள டாக்ஸிதான். ஓரம் கட்டச் சொன்னார்கள். உருதுவில் என்னிடம், "இந்த ஆள் யார்?"

"என் தம்பி."

"பெயர் என்ன?"

"ராசா."

உன் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் சூசை மரியான் ஆரோக்கியம் என்று நீளமாக ஓடுகிறது. ராசா எங்கும் இல்லை. உன்னிடம் திரும்பி, என் பெயரைக் கேட்டார். நீ நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாகச் சொன்னாய்: "காக்கா." என் அட்டையில் செய்யது இபுறாகீம். இத்தனை வருஷம் பழகிய இரண்டு பேருக்கும் மற்றவன் பெயர் தெரியாது! நம்ம ஊர்க் கரையில் அண்ணன் என்றால் காக்கா, தம்பி என்றால் ராசா; யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்? அதை அந்த மனுஷனுக்கு எந்தப் பாஷையில் விளக்குவது?

"எங்கே போகிறீர்கள்?"

"டெலிவரி" என்றேன். பின்னால் இருந்த பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். காலி. அடுத்ததும் காலி.

அபராதம் ஒரு பக்கம், வண்டியைப் பிடித்துவைத்தால் கடை என்னாவது? அப்போதுதான் நீ சட்டைக் கையைச் சுருட்டினாய். பஞ்சு ஒட்டிய இடத்துக்கு மேலே, ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்த அந்தப் புடைப்பைக் காட்டி, அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாய். உள்ளே வண்டு இரைவதுபோல் அதிருமே, அது அவர் விரலில் ஏறியது. வெடுக்கென்று கையை எடுத்தவர், உன் முகத்தைப் பார்த்தார். பிறகு பெட்டி மூடியை அவரே மூடினார். "கலாஸ்", முடிந்தது என்றார். "யல்லா, போங்கள்."

கொஞ்ச தூரம் போனபிறகு பின்னாலிருந்து உன் குரல்: "என்ன காக்கா, காத்து வியாபாரம் நல்லாப் போகுதோ?"

உனக்கு ரொம்ப நாளாகவே தெரியும், இல்லையா? கடைசிவரை கேட்க விட்டுப்போயிற்று.

சரி, முருகேசன் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் இருக்கிற என் மகள் நஸ்ரினிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "வாப்பா, இங்க வருமானம் கம்மியா உள்ளவங்களுக்கு கவர்ன்மெண்ட் இன்ஷூரன்ஸ் இருக்கு. அதுல ரைடும் சேர்த்திதான்" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழியில்லாதவர் சில நாள் முன்கூட்டியே போன் செய்து பதிந்துவைத்தால் வேனோ டாக்ஸியோ வருமாம். பஸ்ஸில் போக முடிந்தால் பஸ் டிக்கெட். சில இடங்களில் சொந்தக்காரன் கூட்டிப்போனால் அவனுக்குப் பெட்ரோல் செலவுகூடக் கிடைக்குமாம். நீ இருந்தால், "காக்கா, உடனே பில் போடுங்க" என்றிருப்பாய்.

அங்கேயும் எல்லாம் ஒழுங்கில்லை. வேன் லேட்டாம், திரும்பி வரத்தான் ரொம்பக் காத்துக் கிடக்க வேண்டுமாம். அது உலகம் முழுக்க ஒன்றுதான் போலிருக்கிறது. ஆனால் நான் வியாபாரி, எனக்கு அதில் உள்ள புத்தி பிடித்தது. இது தர்மம் இல்லை ராசா, கெட்டிக்காரத்தனம். வழி இல்லாமல் ஒருத்தன் சிகிச்சையைத் தவறவிட்டால், பிறகு அவனை ஆம்புலன்ஸில் அள்ளிக்கொண்டுபோய் ஐ.சி.யூ.வில் போட வேண்டும். எது மலிவு?

அந்தத் தைரியத்தில், முருகேசன் கார்டின் பின்னால் இருந்த நம்பரை ஜெசியிடம் வாங்கிப் போன் போட்டேன். ஒரு பெண், ரொம்ப மரியாதையாக, "சார், எமர்ஜென்சினா ஆம்புலன்ஸ் கவர் ஆகும். அப்பாயின்ட்மென்ட்டுக்கு வண்டி இந்தப் பிளான்ல இல்ல" என்றாள்.

"அப்ப, ஆள் விழுந்தா வண்டி வரும், நிக்கும்போது வராது?"

"ஆமா சார்." பாவம், அவள் என்ன செய்வாள்? எழுதிக் கேட்கச் சொன்னாள். எழுதியிருக்கிறேன்.

அடுத்து முருகேசனுடைய கேம்ப் பொறுப்பாளர், ஒரு மலையாளி சேட்டன். அவர் கம்பெனிக்கு நான்தான் சாமான் கொடுக்கிறேன். "காக்கா, பஸ் சைட்டுக்குப் போக உள்ளதாக்கும். ஆசுபத்திரிக்கு விட்டா எஞ்சினியர் என்னைக் கொல்லும்."

"ஆள் சைட்ல மயங்கி விழுந்து வேலை நின்னா உங்க எஞ்சினியர் உங்களைக் கொஞ்சுவாரா?" என்றேன். "பஸ் அந்த ரோட்டுலதானே போகுது. நிறுத்தக்கூட வேணாம், மெதுவாப் போகச் சொல்லுங்க, அவன் குதிச்சிக்குவான்."

சிரித்துவிட்டார். காலையில் இறக்கிவிட ஒப்புக்கொண்டார். டயாலிசிஸ் நாளில் டூட்டி இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார். திரும்ப அழைத்து வருவது என் பொறுப்பு.

கடைசியில் மறுத்தவன் முருகேசன்தான். கேம்ப் ரூமில், கீழ்க்கட்டிலில், பெட்டியை மூடிக்கொண்டே சொன்னான்: "வேணாம் பாய். இன்னைக்குக் கூட்டிட்டுப் போவீங்க, நாளைக்கும் போவீங்க. இது சாகுற வரைக்கும் உள்ள சமாச்சாரம். அதுவரைக்கும் யாரு கூட்டிட்டுப் போவா?"

நீயும் மனசுக்குள் இதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாயா ராசா? ஐஸ் கட்டியை ஒதுக்கிக்கொண்டு, கதை சொல்லிக்கொண்டு?

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன், "நான் எவன்கிட்டயும் வருஷக் கணக்குல ஒப்பந்தம் போடறதில்ல தம்பி. அடுத்த தடவைக்கு மட்டும் பேசுவோம். அது முடிஞ்சதும் அதுக்கு அடுத்தது." "டிக்கெட்டைத் தள்ளிப் போடறேன். கேன்சல் பண்ணல பாய்" என்றான். போதும் என்று எழுந்து வந்தேன்.

அப்புறம் ஒரு தடவையும் தவறவில்லை. ஆனால் போன தடவை அவனுக்குப் பிரஷர் ரொம்ப இறங்கி, பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. வண்டியில் டிக்கெட் தேதியையே எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தான். அதனால் இன்று காலையில் பஸ் புறப்பட்ட நேரத்திலிருந்து எனக்குக் கடையில் கை ஓடவில்லை. பிறகு ஜெசி செய்தி அனுப்பினாள்: "வந்துட்டாரு." அதைப் படித்தபிறகுதான் காலைச் சாப்பாடு இறங்கியது.

இதை யூனிட்டுக்கு வெளியே, வண்டிக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உனக்கு என் வாக்கு இது: கார்டில் வழியையும் சேர்க்கும்வரை, கேட்க வேண்டிய இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பேன். அதுவரை, என் கண்ணுக்கும் கைக்கும் தெம்பு உள்ள நாள்வரை, இவன் திரும்பிப் போக வழியில்லாமல் இந்த வாசலில் நிற்க மாட்டான். எனக்குப் பிறகு யார் என்று கேட்காதே. அடுத்த தடவை நான்தான்.

கதவு திறக்கிறது ராசா. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு முருகேசன் வருகிறான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி என் வண்டியைத் தேடுகிறான். இத்தோடு நிறுத்துகிறேன். அவனை நிற்க வைக்கக் கூடாது.

வேறு வயிற்றில் பிறந்த உன் அண்ணன்,
காக்கா