கிணற்றுக்காரிக்கு ஆயிரம் வயதாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முட்டிவலி குறைந்ததா? அப்பாவின் இருமல் எப்படி? எனக்குச் சளி மட்டும்தான்.

விடுதியில் எல்லோரும் ஒரு மர்மத் தொடரைப் பார்க்கிறார்கள். கிணற்றில் பிணம், கொலையாளி தெரியவில்லை. தொடரில் ஒருவன் சட்டையில் ஏழு பொத்தான் இருந்தால், அதற்கு ஏழு சாபம் என்று அர்த்தம் கண்டுபிடிக்கிற அளவுக்கு இவர்களுக்கு மூளை. நானும் சும்மா இருக்காமல் நீ சொன்ன கிணற்றுக்காரி கதையைச் சொல்லித் தொலைத்தேன். ‘வக்கீல்’ என்று நாங்கள் கூப்பிடும் அறைத்தோழி, அது ஆயிரம் வருடத்து நாட்டுப்புறக் கதை, அதிலிருந்துதான் இந்தத் தொடரையே எடுத்திருக்கிறார்கள் என்று இணையத்தில் எழுதிவிட்டாள். இப்போது ஊரே அதை வைத்துத்தான் கொலையாளியைத் தேடுகிறது.

“நான் சோறு திங்கறதுக்காக எங்கம்மா இட்டுக்கட்டின கதைடி அது!” என்றேன்.

“உங்கம்மாவுக்கு என்னடி தெரியும்? அவங்களுக்கே தெரியாம வாயில வந்த பழங்கதை அது” என்றாள்.

இதுகளிடம் என்ன பேசுவது? கிணற்றுக்காரி கடைசியில் என்ன ஆனாள் என்று வேறு நச்சரிக்கிறார்கள். எனக்கே தெரியாது. தட்டு காலியானதும் நீ கதையை நிறுத்திவிடுவாயே.

ஞாயிறு மதியம் சாப்பிடும்போது கூப்பிடுகிறேன். முடிவை எனக்கு மட்டும் சொல். இந்த அறிவாளிகளுக்கு மூச்சு விடமாட்டேன். படிப்பு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். ஒரேயடியாகச் சொல்லி முடித்துவிடாதே அம்மா, தட்டு நிறையப் போட்டுக்கொண்டு உட்காருவேன்.

உன் மகள்